காரைக்குடிப் பக்கமிருந்து தொழில்முறை கோல்ஃபுக்கு: காகிதம், காசு, காலக்கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்தில் 18 குழி கோல்ஃப் மைதானம் கிடையாது. இங்கிருந்து ஒரு பிள்ளை தொழில்முறை ஆட்டக்காரர் ஆக முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. சென்னை, பெங்களூருப் பிள்ளைகளுக்கு கிளப் அலுவலகமே பார்த்துக்கொடுக்கும் வேலைகளை நீங்களே முன்கூட்டி, வரிசை பிசகாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். வரிசை பிசகினால் ஒரு சீசன் முழுக்கப் போய்விடும்.

மட்டையை எப்படிப் பிடிப்பது என்பதைப் பயிற்சியாளர் சொல்லித்தருவார். எதை எப்போது, எந்தக் காகிதத்தோடு, எவ்வளவு பணத்தோடு செய்வது என்பது மட்டும் இங்கே. ரூபாய்க் கணக்கெல்லாம் பட்ஜெட் போடுவதற்கான தோராயம். கட்டணங்கள் ஆண்டுக்காண்டு ஏறும், கிளப்புக்கு கிளப் மாறும்.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

மட்டை வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று முன்னெழுத்து இருப்பது சகஜம். ஆதாரில் 'எம்.ஆர்எம்.' என்று இருக்கும், பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்து இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். பிள்ளை சுவீகாரம் போயிருந்தால் தகப்பனார் பெயரே ஆவணத்துக்கு ஆவணம் மாறும். ஊருக்குள் இதனால் ஒரு சிக்கலும் வராது. போட்டி நுழைவுப் படிவம், பரிசுப் பணம் வரும் வங்கிக் கணக்கு, பான், பாஸ்போர்ட் நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இல்லாவிட்டால்தான் பணம் நிற்கும், விசா இழுக்கும்.

முதலில் பிறப்புச் சான்றிதழ், அதை ஒட்டி ஆதார், அதற்குப் பிறகு பாஸ்போர்ட், கடைசியில் பானும் வங்கிக் கணக்கும். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தாகப் போடாமல் விரித்தே எழுதுங்கள். சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்தான். சுவீகாரம் என்றால் பதிவு செய்த பத்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பத்திரமே எழுதாமல் சம்பிரதாயமாக மட்டும் நடந்திருந்தால் ஒரு வக்கீலைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். எல்லாம் நேராக மூன்று நான்கு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

2. வீட்டிலும் பொட்டலிலும் எவ்வளவு பழகலாம்

நிறையவே பழகலாம். கோல்ஃபில் ஸ்கோர் என்பது எடுத்துக்கொண்ட அடிகளின் எண்ணிக்கை, குறைந்தால்தான் நல்லது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு அடி, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற மழித்த புல்தரையில் பந்தை உருட்டும் பட்டர் மட்டையால் அடிப்பது. அதற்கு மைதானம் வேண்டியதில்லை.

வீட்டில் ஆத்தங்குடிக் கல் பாவியிருந்தால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஓடும் கோடு உங்களுக்கு இலவசக் கருவி. பட்டரின் முகத்தை ஒரு குறுக்குக் கோட்டில் பொருத்தி, பந்தை நீளவாக்குக் கோட்டின் மேல் வையுங்கள். அடித்த பிறகு முதல் இரண்டு மூன்று கல் தூரம் பந்து கோட்டை விட்டு விலகாமல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். முகம் ஒரு டிகிரி திரும்பினாலே பத்தடி தூரத்தில் பந்து இரண்டு அங்குலம் விலகும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். அந்த ஒரு டிகிரிதான் விழுவதையும் விளிம்பைத் தொட்டுப் போவதையும் பிரிக்கிறது.

வேகத்தை மட்டும் அந்தத் தரையில் பழகாதீர்கள். மெருகேறிய கல்லில் பந்து நிற்கவே நிற்காது. முற்றத்தை ஒட்டிய தரையில் தண்ணீர் வடிய வாட்டமும் விட்டிருப்பார்கள். வேகத்துக்குப் பன்னிரண்டு அடி நீளப் பட்டிங் விரிப்பு ஒன்று வாங்கி, வாட்டமில்லாத பட்டாலைப் பக்கம் விரித்துக்கொள்ளுங்கள்.

வலை கட்டுவதில் பலர் ஏமாறுவார்கள். கிரிக்கெட் வலை வேண்டாம். கிரிக்கெட் பந்தைத் தடுக்கும் கண் அளவில் 42.67 மில்லிமீட்டர் கோல்ஃப் பந்து பல நேரம் நுழைந்து போய்விடும். ஒரு அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள வலையாகப் பாருங்கள். பத்துக்குப் பத்து அடியாவது இருக்க வேண்டும். பின்சுவருக்கும் வலைக்கும் இடையே மூன்றடி விடுங்கள். கூரை பத்தடி உயரம் இல்லாத கார் ஷெட்டில் டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் நீள மட்டை) வீசினால் ஓடு போகும் அல்லது மட்டையின் தண்டு போகும்.

கண்மாய் வற்றிய மாதங்களில் அதன் உள்வாயிலோ செம்மண் பொட்டலிலோ வெட்ஜ் (குறுந்தூரத்துக்குப் பந்தைத் தூக்கி அடிக்கும் மட்டை) அடிகளைப் பழகலாம். 30, 50, 70 மீட்டரில் அடையாளம் நட்டு, ஒவ்வொரு தூரத்துக்கும் இருபது பந்து. மூன்று எச்சரிக்கை. ஊர்ப் பொதுக் கண்மாய் என்றால் ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆடு மாடு மேயும் நேரத்தில் பந்தைத் தொடாதீர்கள், டிரைவரை அங்கே எடுக்கவே எடுக்காதீர்கள். காய்ந்த களிமண்ணில் நேராக அடித்தால் மட்டையின் அடி துள்ளி, அதிர்ச்சி முழங்கைக்கு ஏறும். சில மாதத்தில் உள்முழங்கை வலி நிரந்தரமாகிவிடும். அதனால் ஒன்றேகால் அங்குல ரப்பர் விரிப்பின் மேல் வைத்தே அடியுங்கள்.

3. மைதானம் எங்கே

மலைப்பக்கம் என்றால் கொடைக்கானல் கோல்ஃப் கிளப், சாலை வழி சுமார் 200 கிலோமீட்டர். கோவையில் செட்டிபாளையம் பக்கம் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப். சென்னையில் நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம். பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானமும் பெங்களூரு கோல்ஃப் கிளப்பும். தென்னிந்தியாவில் போட்டியாட்டக்காரர்கள் அதிகம் கூடுவது பெங்களூரில்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களான அதிதி அசோக்கும் சிக்கரங்கப்பாவும் உருவானது அங்கேதான்.

கொடைக்கானலை மட்டும் நம்பிப் பழகுபவர்கள் சமவெளிப் போட்டியில் முதல் நாளே தடுமாறுவார்கள். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று லேசு. பந்து சுமார் பத்து சதவீதம் கூடுதலாகப் பறக்கும். அங்கே 150 கெஜம் போகும் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையின் அடி சென்னையில் 135ஐ ஒட்டித்தான் விழும். தூர அட்டையை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று மலைக்கு, ஒன்று சமவெளிக்கு.

முழு உறுப்பினர் கட்டணம் லட்சங்களில் போகும், காத்திருப்புப் பட்டியலும் நீளம். அதற்காக வயலை விற்க வேண்டாம். ஜூனியர் உறுப்பினர், வெளியூர் உறுப்பினர், விருந்தினராக ஒரு சுற்று ஆடக் கட்டும் கிரீன் கட்டணம் என மூன்று வழியையும் கிளப் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மாநில கோல்ஃப் சங்கம் மூலம் வரும் ஜூனியர் ஆட்டக்காரருக்கு வார நாட்களில் குறைந்த கட்டணத்தில் ஆட அனுமதி தரும் கிளப்புகள் உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

மாதம் ஒரு தடவை மைதானத்துக்குப் போய்வருவதில் பெரிய பலன் கிடையாது. கோடை விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் மூன்று நான்கு வாரம் ஒரே ஊரில் தங்கி, தினம் 18 குழி ஆடுவது அதே செலவில் இரட்டிப்புப் பலன் தரும். பதினாறு வயதுக்குப் பிறகும் ஸ்கோர் இறங்கிக்கொண்டே வந்தால் பெங்களூருக்கோ சென்னைக்கோ இடம் மாறாமல் அடுத்த கட்டம் இல்லை. வீட்டில் இதைத் தள்ளிப்போடாமல் பேசிவிடுங்கள்.

4. மட்டைகள்

முதல் இரண்டு வருடத்துக்குப் பழைய செட் போதும், 15,000 முதல் 30,000 ரூபாய்க்குள் கிடைக்கும். வளரும் பிள்ளைக்கு அப்பாவின் மட்டையை வெட்டிக் கொடுக்கிறார்கள். வெட்டினால் நீளம் குறையுமே தவிர எடையும் விறைப்பும் குறையாது. அதனால் பிள்ளை உடம்பை வளைத்து வீசக் கற்றுக்கொள்ளும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஜூனியர் செட்டாகவே வாங்குங்கள்.

போட்டித் தரத்துக்கு வந்தபின் உடம்புக்கு அளவெடுத்துப் பொருத்திய செட்டுக்கு இரண்டு, மூன்று லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது. வாரம் பூராவும் பழகிய கூடுதல் வெட்ஜை எடுத்து வைக்க மறந்து போட்டியில் மாட்டுபவர்கள் உண்டு. மீறிய ஒவ்வொரு குழிக்கும் ஸ்கோரில் இரண்டு அடி கூட்டும் தண்டனை, ஒரு சுற்றில் அதிகபட்சம் நான்கு.

5. ஹேண்டிகேப் வாங்குதல்

ஹேண்டிகேப் என்பது உங்கள் ஆட்டத் தரத்தைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது. உங்கள் ஆட்டத்துக்கு அத்தாட்சி இந்த எண்தான். அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) போட்டி நுழைவுப் படிவங்களில் இதைக் கேட்பார்கள். இந்திய கோல்ஃப் யூனியனோடு இணைந்த ஒரு கிளப் மூலமோ மாநில சங்கம் மூலமோதான் பதிவாகும். காரைக்குடியில் இருந்துகொண்டு செயலியில் நீங்களாக எண்ணைப் போட்டுக்கொண்டால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

54 குழிகளுக்கான ஸ்கோர் கொடுத்தால் முதல் எண் வந்துவிடும். அது மூன்று 18 குழிச் சுற்றாகவும் இருக்கலாம், ஆறு 9 குழிச் சுற்றாகவும் இருக்கலாம். ஒவ்வொரு ஸ்கோர் அட்டையிலும் கூட ஆடியவரின் கையெழுத்து வேண்டும். பிறகு கடைசி 20 சுற்றில் சிறந்த எட்டின் சராசரிதான் உங்கள் எண்.

மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடி) 71.2, ஸ்லோப் (மற்றவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்ற எண்) 124, நீங்கள் அடித்தது 82 என்று வைத்துக்கொள்வோம். 82இல் 71.2 போனால் 10.8. அதை நிலையான ஸ்லோப்பான 113ஆல் பெருக்கி 124ஆல் வகுத்தால் 9.8. சராசரியில் சேரும் அந்தச் சுற்றின் கணக்கு அதுதான்.

எண்ணைச் செயற்கையாகக் குறைத்துக் காட்டும் ஆசை வரும், குறிப்பாகப் பெற்றோருக்கு. நல்ல சுற்றுகளை மட்டும் பதிந்தால் போட்டியில் நுழைவு கிடைக்கும், முதல் நாளே 90க்கு மேல் அடித்துப் பிள்ளை நொந்துபோகும். எல்லாச் சுற்றையும் பதியுங்கள்.

6. அமெச்சூராக இருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள்

வெகு பேர் அவசரப்பட்டுச் சறுக்குவது இந்த இடத்தில்தான். இந்திய கோல்ஃப் யூனியனின் ஜூனியர் போட்டிகளும் அமெச்சூர் போட்டிகளும் குறைந்த செலவில் நான்கு நாள் ஆட்டத்தைப் பழகும் இடம். கை நடுங்கும் கடைசி நாளைக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. யூனியனிடம் ஆட்டக்காரராகப் பதிவு செய்யப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், ஹேண்டிகேப் விவரம் தயாராக இருக்கட்டும். நுழைவுக் கடைசித் தேதி போட்டிக்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும்.

2022 ஜனவரியில் அமெச்சூர் விதிகள் மாறின. பலரும் இன்னும் பழைய விதியையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அமெச்சூராக இருக்கும்போதே ஸ்பான்சரிடம் பயணச் செலவு, மட்டை, பணம் வாங்கலாம். ஊர்க் கடைக்காரர் சட்டையில் தன் பெயரைப் போட்டு உதவ முன்வந்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தஸ்து போவது வேறு காரியங்களால்: போட்டிப் பரிசு 700 பவுண்டு அல்லது 1,000 டாலர் என்ற வரம்பைத் தாண்டுவது, காசு வாங்கிக்கொண்டு பிறருக்குச் சொல்லிக்கொடுப்பது, தொழில்முறை ஆட்டக்காரராகப் போட்டியில் இறங்குவது, தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராவது. ரொக்கப் பரிசு ஹேண்டிகேப் கழிக்காத போட்டிகளில் மட்டுமே செல்லும். விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கிப் பயிற்சி தருவது அப்பாவித்தனமாகச் செய்யும் தவறு. விதி அதைத் தொழிலாகவே பார்க்கும்.

மாநில அரசின் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். மாநில சங்கக் கடிதமும் போட்டி முடிவுகளின் நகலும் கையில் இருந்தால் விண்ணப்பம் எடுபடும்.

7. தகுதிச் சுற்று

ஆண்களுக்கு 2006இல் தொடங்கிய பிஜிடிஐ (இந்தியத் தொழில்முறை கோல்ஃப் சுற்றுப்பயணம்), அதாவது ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடர்தான் நாட்டின் முதன்மைத் தொழில்முறைக் களம். பெண்களுக்கு இந்திய மகளிர் கோல்ஃப் சங்கம் நடத்தும் சுற்றுப்பயணம். அங்கே போட்டி மூன்று நாள், 54 குழி. களத்தில் ஆட்கள் குறைவு, அதனால் நன்றாக ஆடும் பெண்ணுக்கு மேலே ஏறும் பாதை வேகமானது.

பிஜிடிஐயில் நுழைய ஆண்டின் தொடக்க மாதங்களில் தகுதிச் சுற்று நடக்கும். முதல் கட்டம், பிறகு 72 குழி இறுதிக் கட்டம். கொல்கத்தாவின் டாலிகஞ்ச், ஜாம்ஷெட்பூரின் கோல்முரி போன்ற மைதானங்களில் நடந்திருக்கிறது. இறுதிக் கட்டத்தில் ஏறத்தாழ முதல் முப்பது பேருக்குத்தான் முழு அட்டை, அதாவது அந்த ஆண்டுப் போட்டிகளில் ஆடும் உரிமை. டிசம்பரிலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு வராமல் போனால் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

படிவத்தில் 'அமெச்சூர்' என்று குறிப்பதா 'தொழில்முறை' என்று குறிப்பதா என்ற ஒரு கட்டத்தை நிதானமாக நிரப்புங்கள். அமெச்சூராகவே தகுதிச் சுற்றை ஆடிப் பார்க்கலாம். அட்டை கிடைத்த பிறகு மாறிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் அமெச்சூர் போட்டிகளுக்குத் திரும்பலாம். இந்தக் கதவை வைத்துக்கொண்டு முதலிலேயே தொழில்முறை என்று குறிப்பதில் எந்த லாபமும் இல்லை.

எப்போது போகலாம்? ஹேண்டிகேப் பூஜ்ஜியம் ஆனால் வாசலுக்கு வந்திருக்கிறீர்கள் என்று மட்டும் பொருள். அறியாத மைதானத்தில், நான்கு நாள் தொடர்ந்து, 'பார்' எனப்படும் மைதானத்துக்கு வகுத்த அடி எண்ணிக்கையிலோ அதற்குக் கீழேயோ அடிக்கும் நிலை வந்த பிறகு போங்கள். சொந்த மைதானத்தில் அடித்த 68ஐ யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

இடம் கிடைக்காதவர்களுக்குக் கீழ்நிலையில் நெக்ஸ்ஜென் சுற்று உண்டு. 2025இல் ஐஜிபிஎல் (இந்தியன் கோல்ஃப் பிரீமியர் லீக்) என்று தனியாக ஒரு களமும் வந்திருக்கிறது. ஒன்றில் ஆடினால் மற்றதில் ஆடத் தடை உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

8. ஐந்தொகை

நான்கு நாள் போட்டிக்கு ஒரு வாரம் வெளியூரில் இருக்க வேண்டும்: பயணம், ஆறு இரவு அறை, சாப்பாடு, மைதானத்தில் பை தூக்கிவரும் கேடியின் சம்பளம், நுழைவுக் கட்டணம். சிக்கனமாக இருந்தாலும் வாரத்துக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு இருபது வாரம் ஆடினால் எட்டு முதல் பன்னிரண்டு லட்சம். பயிற்சியாளர், பந்து, உடற்பயிற்சி எல்லாம் இதற்கு வெளியே.

வரவுப் பக்கம் இப்படி. இரண்டு நாள் முடிந்ததும் முதல் 50 பேரும் அவர்களோடு சமமானவர்களும் மட்டும் மிச்ச இரண்டு நாள் ஆடுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு ரூபாய் கிடையாது. ஒரு கோடி பரிசுத்தொகை உள்ள போட்டியில் வென்றவருக்கு 15 லட்சம். கீழே வரவர அது வேகமாகக் கரையும். எனவே முதலாண்டு பட்ஜெட்டைப் பரிசே வராது என்று வைத்துப் போடுங்கள். இரண்டு ஆண்டுச் செலவு கையிருப்பில் இல்லாமல், முதல் போட்டியில் வருவதை வைத்து இரண்டாவதற்குப் போகலாம் என்று இறங்கினால், குழிக்கு மூன்றடி தூரத்திலிருந்து உருட்டும் ஒவ்வொரு பந்தும் வட்டிக் கணக்காகத் தெரியும்.

உறவினரோ நண்பரோ பணம் போட்டு வரும் பரிசில் பங்கு கேட்டால் வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ள வேண்டாம். முத்திரைத்தாளில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எத்தனை ஆண்டு, பங்கு மொத்தப் பரிசிலா செலவும் வரியும் போனதிலா, காயம்பட்டால் என்ன, ஆட்டத்தை நிறுத்தினால் கடன் பாக்கியா இல்லையா. மொத்தப் பரிசில் பாதி என்று ஒப்புக்கொண்டால் நல்ல வாரத்தில்கூடக் கையில் ஒன்றும் தங்காது.

பரிசில் வரி பிடித்துத்தான் அனுப்புவார்கள். பான் தராவிட்டால் பிடித்தம் இன்னும் கூடும். ரயில் டிக்கெட், அறை ரசீது, கேடிக்குக் கொடுத்த பணத்தின் குறிப்பு எல்லாவற்றையும் வாரவாரியாக உறையில் போட்டு வையுங்கள். இது தொழில் வருமானம். செலவைக் கழிக்க ஆடிட்டருக்கு ரசீது வேண்டும்.

பயணத்தில் ஒரு சிறு விஷயம். திருச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறினால் உறையோடு கோல்ஃப் பையே 15 கிலோவைத் தொடும். துணிமணிக்குத் தனி எடைக் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் மட்டையின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். பல்லவன் ரயிலில் சென்னை போனாலும் பையை மேல்தட்டில் படுக்கவைத்து அதன்மேல் யாரும் பெட்டி வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

9. ஆட்டத்துக்கு வெளியே மாட்டுபவை

டீ நேரத்துக்கு (ஆட்டத்தைத் தொடங்கக் குறித்துத் தந்த நேரம்) ஐந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் இரண்டு அடி தண்டனை. அதற்கு மேல் என்றால் வெளியேற்றம். ஒரு குழியில் அடித்ததைவிடக் குறைவான எண்ணுள்ள ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போட்டாலும் வெளியேற்றம்தான். எழுதியவர் சக ஆட்டக்காரராக இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது.

மருந்து விஷயம் பலருக்குத் தெரியாது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் கோல்ஃபில் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டவை. படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் டாக்டர்கள் சாதாரணமாக எழுதித்தரும் புரோப்ரனோலால் அந்த வகைதான். வேறு மருந்தே இல்லை என்றால் சிகிச்சை விலக்குக்கு முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், ஜிம்மில் கொடுக்கும் புரோட்டீன் பொடி எதுவானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிட்டிருக்காவிட்டால் தொடாதீர்கள்.

10. அட்டை போனால்

ஆண்டு முடிவில் தரவரிசையில் முதல் 60க்குள் இல்லாதவர்கள் பொதுவாக மறுபடி தகுதிச் சுற்றுக்குத்தான் போக வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் பயிற்சியாளர் பாதையைப் பாருங்கள். இந்திய தேசிய கோல்ஃப் அகாடமி படிப்படியான சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது. போட்டி ஆடியவருக்கு அதில் நல்ல மரியாதை உண்டு, வருமானமும் மாதாமாதம் வரும். பட்டப்படிப்பை அஞ்சல் வழியிலாவது முடித்திருந்தால் இந்தக் கட்டத்தில் கை கொடுக்கும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி காரைக்குடியிலேயே இருக்கிறது.

வேறு வேலைக்குப் போய் கோல்ஃபை ஆசைக்கு மட்டும் ஆட நினைத்தால் அமெச்சூர் அந்தஸ்தைத் திரும்பக் கேட்டு இந்திய கோல்ஃப் யூனியனுக்கு விண்ணப்பிக்கலாம். காத்திருப்புக் காலம் விதிக்கலாம். விண்ணப்பம் முடிவாகும்வரை எந்தப் போட்டியிலும் பரிசுப் பணத்தைத் தொடாதீர்கள்.